மகனை ஜெபக் குறிப்பு ஆக்கிவிட்டேன்

எங்கள் மகனுக்கு அப்போது 24 வயது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, நான் மாவில் உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்றான். "எம்மா, எனக்குப் பொண்ணு பார்க்காதீங்க. எனக்கு ஆம்பிளைங்க மேலதான் ஈர்ப்பு. சின்னதுல இருந்தே இப்படித்தான்" என்றான். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக ஒரே சேகரத்துச் சபை. நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள், அவன் பாடகர் குழுவில் பாடுகிறவன். அன்றைக்கு உடைந்த வீடு மறுபடி வீடாக இரண்டு வருஷம் நான்கு மாதம் பிடித்தது. அதில் பதினோரு மாதம் அவன் என் போனை எடுக்கவே இல்லை. கையை விட்டுப்போன காசு 1,59,000 ரூபாய். எனக்கு முன்னால் இந்த வழியில் போன ஒரு விசுவாசித் தாய், எங்கே பள்ளம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாதி தப்பியிருக்கும். யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் ராத்திரி நான் கேட்டது, "யாருடா உன்னைக் கெடுத்தது?" என்று. நிறைய பெற்றோர் வாயில் முதலில் வருவது இதுதான். இந்தக் கேள்வி பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்றால், நீ கெட்டுப்போனவன், கெடுத்தவனைத் தேடிப் பிடித்தால் சரியாகிவிடுவாய் என்று. அதோடு அவன் மனசு மூடிக்கொள்கிறது. நான்கே விஷயம் பேசினால் போதும். என்னிடம் சொன்னதற்கு நன்றி. நீ எப்போதும் என் பிள்ளை. இது வேறு யாருக்குத் தெரியும்? நான் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது? அதற்கு மேல் அன்றைக்குப் பேச வேண்டாம். போனை வாங்கிப் பார்க்காதீர்கள். தலையில் கைவைத்து ஜெபிக்காதீர்கள். ஜெபம் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அழுதுகொண்டே ஜெபிக்கிற ஜெபம் அவனுக்குத் தீர்ப்பு மாதிரிதான் கேட்கும். ஜெபித்தே ஆக வேண்டும் என்று உள்ளம் தவித்தால், அவன் பிறந்தநாளுக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்லி ஜெபிப்பீர்களோ, அப்படி ஜெபியுங்கள்.

இன்னொன்றையும் கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த சில நாட்களில் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயந்து நான் கேட்கவில்லை. அது தப்பான பயம். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைக் கூட்டுவதில்லை, பேச வழிதான் திறக்கிறது. ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியே விடக்கூடாது. வீட்டில் இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு செவ்வாய்க்கிழமை நடந்தது. பெண்கள் ஐக்கிய ஜெபத்தில், பெயர் சொல்லாமல்தான், "என் மகனுக்கு ஒரு விசேஷித்த விடுதலை வேணும், ஜெபிச்சுக்கோங்க" என்றேன். எனக்கு இருப்பது ஒரே மகன். பெயர் சொல்லாவிட்டால் என்ன? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நெருங்கின ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்க, பாரம் தாங்காமல் முழுவதும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் உபவாச ஜெபத்துக்கான வாட்ஸப் குழுவில், எல்லோரும் ஜெபிக்க வேண்டிய குறிப்பாகவே வந்துவிட்டது. சனிக்கிழமை பாட்டுப் பழக்கத்துக்குப் போனவனிடம், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் சத்தம் போடவில்லை. "என்னை ஜெபக் குறிப்பா ஆக்கிட்டீங்களேம்மா" என்று மட்டும் சொன்னான். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை, எல்லோரும் அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் போகிற செய்திக்கு வேலி கிடையாது. வேறு வதந்தியென்றால் ஒருவர் தயங்கித்தான் சொல்வார். இதைச் சொல்வது புண்ணியம் என்று நினைத்தே சொல்வார்கள். ஆகவே சபையில் எதையும் சொல்லாதீர்கள், "பெயர் சொல்லாத ஒரு காரியம்" என்றுகூட. இது உங்கள் ரகசியம் இல்லை, அவனுடையது. யாரிடம் சொல்வதாக இருந்தாலும் அவனைக் கேட்டு, அவன் சரி என்று சொன்ன ஆளிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், பேசியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முதலில் உங்கள் வீட்டுக் காரியமாகப் பேசாதீர்கள். "நம்ம சபையில இப்படி ஒரு பிள்ளையோட தாய் வந்து அழுதா நீங்க என்ன ஐயா சொல்வீங்க?" என்று கேளுங்கள். பதிலின் முதல் இரண்டு நிமிஷத்தைக் கவனியுங்கள். பிள்ளை சாப்பிடுகிறானா, எங்கே இருக்கிறான், தாய்க்குத் துணை யார் என்று கேட்கிறவரை நம்பலாம். கேள்வி முடியும் முன்னே, இதைக் கண்டிக்க லேவியராகமத்தைத் திறக்கிறவரிடம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் பங்குப் பணியிடத்து வராந்தாவில் நின்று பேசுவதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் ஒரே பால் உறவை ஏற்பதில்லை. ஆனாலும் 2358-ஆம் பத்தியில், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்கிறது. பங்கில் யாராவது கடுமையாகப் பேசினால் அந்தப் பத்தி எண்ணைச் சொல்லலாம்.

அடுத்து விடுதலை முகாம், ஆவியை விரட்டி ஈர்ப்பை மாற்றுகிறோம் என்று ஒரு ஊழியம் நடத்துவது. வாட்ஸப் குறிப்பைப் பார்த்துத்தான் அந்த ஊழியத்தின் எண் எங்களுக்கு வந்தது. மூன்று நாள், தலைக்கு 6,500 ரூபாய். மூன்று பேரும் போனோம், இரண்டு தடவை போனோம், 39,000. முடிவில் பொருத்தனைக் காணிக்கை என்று 50,000. என் வளையலை விற்றுத்தான் கொடுத்தோம். என் மகன் எங்களுக்காகத்தான் வந்தான், தனக்காக இல்லை. முழங்காலில் நிறுத்தி, ஆறேழு பேர் சுற்றி நின்று, ஆவியின் பெயரைச் சொல் என்று மணிக்கணக்கில் சத்தமிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம். இரண்டாம் தடவை மூன்றாம் நாள் மயங்கி விழுந்தான். அதைப் பிசாசு புறப்பட்டது என்றார்கள். நீர் வற்றி ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்படிப்பட்ட இடத்தைப் போகும் முன்னே அடையாளம் கண்டுகொள்ளலாம். இத்தனை நாளில் மாற்றிக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுப்பார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெற்றோரைக் கூட இருக்க விடமாட்டார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை விசுவாசக் குறைவு என்று நிறுத்தச் சொல்வார்கள், மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முடிந்ததும் சாட்சி சொல்லச் சொல்லி வீடியோ எடுப்பார்கள். இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மாறிவிட்டதாகச் சாட்சி சொல்லும் வெளிநாட்டு வீடியோக்களை எனக்கும் நிறைய அனுப்பினார்கள். அமெரிக்காவில் இந்த வகை ஊழியங்களுக்கெல்லாம் தலைமை மாதிரி இருந்தது எக்சோடஸ் இன்டர்நேஷனல், 1976-ல் தொடங்கியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தங்களிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று ஒப்புக்கொண்டு, 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டார். அந்த மாதமே அமைப்பை மூடுவதாகவும் அறிவித்தார்கள். முப்பத்தேழு வருஷம் இதையே செய்துவந்த விசுவாசிகள் வந்துசேர்ந்த இடம் அது. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் வளையல் போயிருக்காது. வளையலை விடுங்கள், அந்தப் பிள்ளை அப்படி முழங்காலில் நின்றிருக்க மாட்டான்.

முகாம் பலிக்காததால் கவுன்சலிங். பதினான்கு தடவை, தடவைக்கு 1,500, மொத்தம் 21,000. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் 9,000. அங்கே உட்கார்ந்திருந்தவர் தாம் டாக்டர் இல்லை என்று எங்களிடம் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டிலேயே இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். நேரம் வாங்கும் முன் போனிலேயே கேளுங்கள்: "ஒரே பால் ஈர்ப்பை மாத்த சிகிச்சை கொடுப்பீங்களா?" கொடுப்போம் என்றால் அங்கே போகக்கூடாது. "அதை மாத்த முடியாது, பிள்ளையோட மனக்கஷ்டத்துக்கு உதவி பண்ணுவோம்" என்றால் அதுதான் சரியான இடம். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே ஒரே பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2018-ல் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயில்லை என்று தெளிவாகச் சொன்னது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 3-ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க முறைக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த வழக்கிலேயே, தமக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதி அவ்வளவு தாழ்மையாகக் கற்றுக்கொண்டதைப் படித்தபோதுதான் எனக்கும் வெட்கம் விட்டது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் இப்படிச் சிகிச்சை கொடுப்பது தொழில்முறைத் தவறு என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஆகவே சீட்டு, ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். டாக்டர் ஒருவர் இதைச் செய்திருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

கடைசித் தவறு கல்யாணம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவனும் களைத்துப்போய்த் தலையை ஆட்டிவிட்டான். ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தைச் சபையில் அறிவிக்க, ஐயரிடம் பெயர் கொடுக்கப்போகிற வாரத்தில், அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை அழுதுவிட்டு, "நல்லவேளை சொன்னீங்க" என்றதாம். மண்டபத்துக்குக் கொடுத்த 40,000 திரும்பவில்லை. அது போனதில் எனக்கு இப்போது வருத்தமே கிடையாது. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷ விவாகரத்துச் சட்டம்தான். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய 2001-ல் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதில் இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றும், மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசில் ஒரு பெண்பிள்ளை, தான் செய்யாத தப்புக்கு அத்தனை நாளைக் காத்திருந்தே கழிக்க வேண்டும். ஊர் அவளைத்தான் குறை சொல்லும். நம் பிள்ளையைச் சரிசெய்ய இன்னொரு வீட்டுப் பிள்ளையை மருந்தாகக் கொடுப்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

வேதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் வீட்டைவிட்டுச் சென்னைக்குப் போன அந்தப் பதினோரு மாதத்தில்தான் நான் உட்கார்ந்து வாசித்தேன். இந்தக் காரியத்துக்கு எடுத்துக் காட்டுகிற இடங்கள் ஏழெட்டைத் தாண்டாது. நான்கு சுவிசேஷத்தில் இயேசு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்தப் பாவத்தால்தான் அழிந்தது என்று பலர் சொல்கிற ஊர் சோதோம், அதன் அக்கிரமம் இன்னதென்று எசேக்கியேல் 16:49 சொல்கிறது. கெர்வம், ஆகாரத்திரட்சி என்கிற சாப்பாட்டு மிகுதி, சிறுமையானவனுடைய கையைப் பலப்படுத்தாதது. ஆதியாகமம் 19-ல் நடப்பது வந்த விருந்தாளிகள் மேல் பலாத்காரம் செய்ய ஊரே திரண்டது. 1 கொரிந்தியர் 6:9-ல் நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுயபுணர்ச்சிக்காரர்" என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் மலாகோய். மென்மையானவர் என்பதுதான் அதன் நேர் அர்த்தம். மத்தேயு 11:8-ல் "மெல்லிய வஸ்திரம்" என்கிற இடத்திலும் அதே சொல்தான். ஒரே சொல்லை ஓரிடத்தில் மெல்லியது என்றும், இன்னோரிடத்தில் இத்தனை பெரிய குற்றமாகவும் மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போஸ்தலர் 8-ல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியனை நம் வேதத்தில் மந்திரி என்று வாசிக்கிறோம். மூலத்தில் அவன் அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன். கர்த்தருடைய சபையில் சேர நியாயப்பிரமாணம் இடம் கொடுக்காத ஒருவன், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறான், பிலிப்பு தண்ணீரில் இறங்குகிறான். ரோமர் 1, லேவியராகமம் 18 பற்றி அறிஞர்களுக்குள்ளே இன்னும் வாதம் உண்டு, மறைக்கவில்லை. எல்லா வசனத்துக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அன்பு காட்டுவேன் என்று நான் காத்திருந்ததுதான் தப்பு. வசனத்தை வருஷக்கணக்கில் படிக்கலாம். பிள்ளைக்குச் சாப்பாடு இன்றைக்கு ராத்திரி போட வேண்டும்.

அவன் திரும்பிவந்ததற்குக் காரணம் பெரிய பேச்சு எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். அதில் வசனம் கிடையாது, அழுகை கிடையாது, எப்போது வருவாய் என்ற கேள்வியும் கிடையாது. இன்றைக்கு முருங்கைக்கீரை வைத்தேன், பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, இப்படித்தான். பத்தாவது மாதத்தில் ஒரே ஒரு பெரிய செய்தி எழுதினேன். செய்ததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்: முதல் ராத்திரிக் கேள்வி, ஜெபக் குறிப்பு, முகாம், கவுன்சலிங், கல்யாணம். "ஆனா நாங்க உன் நல்லதுக்குத்தான்" என்று ஒரு வரி சேர்க்கக் கை துடித்தது, சேர்க்கவில்லை. அந்த "ஆனா" மன்னிப்பை அழித்துவிடும். அவங்க அப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம் கூட ஆயிற்று, அவரை அவசரப்படுத்தவில்லை. பெற்றோர் மனசுக்கும் துணை வேண்டும், ஆனால் அதைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது. சென்னையில் ஓரினம் என்ற குழு இருக்கிறது, தமிழிலேயே படிக்கக் கிடைக்கிறது. ஸ்வீகார் என்று பெற்றோர்களே நடத்துகிற குழுவும் உண்டு. அங்கே பேசுகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல் அழுது முடித்தவர்கள்.

சபைகள் செய்யக்கூடியது சின்னச் சின்னதுதான். பிரசங்கத்தில் இவர்களை வைத்துச் சிரிப்பு மூட்டாதிருப்பது. பாடினவனைப் பாட விடுவது. திருவிருந்துப் பந்தியில் அவன் வரும்போது பக்கத்தில் இருக்கிறவர் நகராதிருப்பது. அசனப் பண்டிகைக்கு அவனையும் பரிமாறக் கூப்பிடுவது. "அந்த மாதிரி ஆள்" என்று சொல்லாமல் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்வது, 2022-ல் தமிழ்நாடு அரசே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நான் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான். வகுப்பில் எந்தப் பையனையும் பொம்பளை மாதிரி நடக்கிறான் என்று யாரும் சொல்ல விடுவதில்லை.

இப்போது அவனுக்கு ஒரு துணை இருக்கிறான், மதுரைப் பக்கத்துப் பையன். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு இது குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை கொடுக்கவில்லை. அதனால் காகிதத்தில் எழுதி வைத்தால்தான் உண்டு. கல்யாணமாகாத கிறிஸ்தவன் உயில் எழுதாமல் இறந்தால், 1925 வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பன் இருந்தால் எல்லாம் தகப்பனுக்குத்தான், துணைக்கு ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது. உயில் வெள்ளைத்தாளில் எழுதலாம், இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் துணையை நாமினி போடவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவாக்கியது. நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள்தான், உரிமையாளர் இல்லை, ஆகவே உயிலும் சேர்ந்தே இருக்க வேண்டும். மனநலச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, மனநலச் சிகிச்சையில் தனக்காகப் பேச வேண்டிய ஆள் இன்னார் என்று வெள்ளைத்தாளிலேயே எழுதிக் கையெழுத்திடலாம், அந்த ஆளும் சம்மதிக்க வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்துவிட்டு அந்தத் தாள்களை எழுதினோம். உங்க பேரை எழுதவாம்மா என்று அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் ராஜா, ராத்திரி பக்கத்தில் இருக்கிற ஆளின் பெயரை எழுது என்றேன். உயிலில் அவங்க அப்பா தன் கண்ணாடியை எடுத்துவந்து முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.